ஒரு ஸ்காட்லாந்துக் கால்பந்து வீரரின் ஆட்ட வாழ்வை எழுதும் முறை: கென்னி டால்கிளீஷை முன்வைத்து

ஒரு கால்பந்து வீரரின் ஆட்ட வாழ்வை எழுத உட்காருகிறவர்களில் பலர் பிறந்த தேதியில் தொடங்கி, கோப்பைகளை வரிசையாக எண்ணி, கடைசியில் ஒரு பாராட்டு வரியை எழுதிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். ஸ்காட்லாந்து வீரர் ஒருவரை எழுதும்போது அந்த முறை விரைவிலேயே காலை வாரிவிடும். அவர் பெரும்பாலும் சொந்த நாட்டு லீக்கில் வளர்ந்து, எல்லை தாண்டி இங்கிலாந்து லீக்கில் பெயர் பெற்று, தேசிய அணிக்கு ஆடுவதற்கு மட்டும் வடக்கே திரும்பி வந்திருப்பார். ஆகவே கோப்பைகளைவிட, ஓர் இடத்தை விட்டு இன்னோர் இடத்துக்குப் போன திருப்பங்களில்தான் அவருடைய கதை அதிகம் இருக்கும். அந்தத் திருப்பங்களைச் சரியாகப் பிடிப்பது எப்படி என்பதை, 1951 மார்ச் 4 அன்று கிளாஸ்கோ நகரின் டால்மார்னக் பகுதியில் பிறந்து, அந்நகரின் செல்டிக், இங்கிலாந்தின் லிவர்பூல் ஆகிய கிளப்புகளுக்கு ஆடிய கென்னி டால்கிளீஷை எடுத்துக்கொண்டு இங்கே விளக்குகிறேன்.

எழுதத் தொடங்குமுன்

முதலில் நாட்டின் பெயரைச் சரிசெய்துகொள்ள வேண்டும். ஸ்காட்லாந்தில் பிறந்து லிவர்பூலுக்கு ஆடியவரை ‘இங்கிலாந்து வீரர்’ என்று எழுதுவது தமிழ்ச் செய்திகளில் இன்றும் காணப்படும் பிழையாகும். பிரிட்டன் ஒரே அரசாக இருந்தாலும் கால்பந்தில் ஸ்காட்லாந்துக்குத் தனிச் சங்கமும் தனி லீக்கும் தனித் தேசிய அணியும் உண்டு. உலகின் முதல் அதிகாரப்பூர்வ சர்வதேசக் கால்பந்து ஆட்டமே 1872 நவம்பர் 30 அன்று கிளாஸ்கோவில் ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் இடையில்தான் நடந்தது; அது கோல் இன்றி முடிந்தது. ‘பிரிட்டன் அணிக்கு ஆடினார்’ என்று எழுதினால் எந்த ஸ்காட்லாந்துக்காரரும் அதற்கு மேல் படிக்கமாட்டார்.

அடுத்தது பெயர்களின் ஒலி. கிளாஸ்கோவின் கிளப் ‘செல்டிக்’. மொழிக் குடும்பத்தைக் குறிக்கும்போது ‘கெல்டிக்’ என்று ஒலிக்கும் அதே எழுத்துகள் கிளப்பின் பெயரில் ‘செ’ என்றே ஒலிக்கும். வீரரின் பெயரில் அழுத்தம் பின்பகுதியில் விழுவதால் நெடிலோடு ‘டால்கிளீஷ்’ என்று எழுதுவது பொருத்தமாகும். எந்த வடிவத்தைத் தேர்ந்தாலும் கட்டுரை முழுவதும் அதையே வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஒரே ஆளை இரண்டு பேராக வாசகர் எண்ணிக்கொள்வார்.

ஆண்டுகளை எழுதும் முறையையும் தொடக்கத்திலேயே முடிவுசெய்வது நல்லது. அங்கே ஒரு பருவம் ஆகஸ்ட் மாதம் தொடங்கி அடுத்த ஆண்டு மே மாதம் முடிகிறது. எனவே லீக் பட்டத்தை 1973–74 என்று இரட்டை ஆண்டிலும், கோப்பை இறுதி ஆட்டத்தை 1974 என்று ஒற்றை ஆண்டிலும் எழுதுவது வழக்கம். இந்த வேறுபாடு புரியாமல் ‘1974-இல் லீக், 1973-இல் லீக்’ என்று எழுதப்போய் ஒரே பட்டத்தை இரண்டு முறை எண்ணியவர்களில் நானும் ஒருவன்.

இளமைக் காலத்தை எழுதுதல்

வீரரின் குழந்தைப் பருவம் கட்டுரையில் எவ்வளவு இடம் பெற வேண்டும் என்ற கேள்விக்கு என் விடை எளியது: பின்னால் வரப்போகும் ஒரு திருப்பத்தை விளக்க உதவும் செய்தியை மட்டும் வைத்துக்கொள்ளலாம். டால்கிளீஷ் சிறுவனாக இருந்தபோது ரேஞ்சர்ஸ் அணியின் ரசிகர் என்பது அப்படிப்பட்ட செய்தி. கிளாஸ்கோவில் ரேஞ்சர்ஸ், செல்டிக் என்ற இரு கிளப்புகளுக்கும் இடையே இருக்கும் பகை விளையாட்டோடு நின்றுவிடுவதில்லை. அயர்லாந்திலிருந்து வந்த கத்தோலிக்கர்களின் கிளப்பாகச் செல்டிக்கும் புராட்டஸ்டன்ட் மக்களின் கிளப்பாக ரேஞ்சர்ஸும் வளர்ந்தன. புராட்டஸ்டன்ட் குடும்பத்துப் பையன் ஒருவனைச் செல்டிக் 1967-இல் ஒப்பந்தம் செய்தது என்று எழுதும்போது, இந்தப் பின்னணியை இரண்டு வாக்கியத்திலாவது சொல்லாவிட்டால் வாசகருக்கு அதன் கனம் விளங்காது.

மேலாளர் ஜாக் ஸ்டீனின் உதவியாளரான ஷான் ஃபாலன் வீட்டுக்கு வந்தபோது, பையன் ஓடிப்போய்ச் சுவரில் இருந்த ரேஞ்சர்ஸ் படங்களைக் கழற்றினான் என்று ஒரு கதை உண்டு. இதுபோன்ற கதைகளை ‘என்று சொல்லப்படுகிறது’ என்ற சொற்களோடு சேர்த்துக்கொள்ளலாம். சொல்லாமல் விட வேண்டிய அவசியம் இல்லை. அதைவிடப் பயனுள்ள செய்தி வேறொன்று இருக்கிறது. அதற்கு முந்திய ஆண்டான 1966-இல் அவர் வெஸ்ட் ஹாம், லிவர்பூல் ஆகிய இரு கிளப்புகளின் தேர்வுக்குப் போய் வந்திருந்தார். இரண்டிலும் இடம் கிடைக்கவில்லை. பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகு அதே லிவர்பூல் அவருக்காகக் கொடுத்த தொகையை எழுதும் இடத்தில் இந்தச் செய்தி தானாகவே பேசும் என்பதால், இதை ‘விதியின் விளையாட்டு’ என்றெல்லாம் அடிக்கோடிட்டுக் காட்ட வேண்டியதில்லை.

செல்டிக் அவரை உடனே களத்தில் இறக்கவில்லை. 1967–68 பருவத்துக்குக் கம்பர்நால்ட் யுனைடெட் என்ற சிறு கிளப்புக்கு இரவலாக அனுப்பியது. அங்கே அவர் 37 கோல்கள் அடித்தார். தச்சு வேலையும் பழகிக்கொண்டிருந்தார். கம்பர்நால்ட் ஒரு ‘ஜூனியர்’ கிளப் என்று பதிவுகளில் பார்த்தவுடன் ‘இளையோர் அணி’ என்று மொழிபெயர்த்துவிடக் கூடாது. ஸ்காட்லாந்தில் ‘ஜூனியர்’ என்பது வயதைக் குறிக்கும் சொல் அன்று, பெரிய லீக் அமைப்புக்கு வெளியே இருந்த ஒரு தரத்தைக் குறிக்கும் சொல். அங்கே ஆடியவர்கள் முழு வளர்ச்சி பெற்ற ஆண்கள்; பகலில் கப்பல் பட்டறையிலோ சுரங்கத்திலோ வேலை பார்த்துவிட்டுச் சனிக்கிழமை முழங்காலைக் குறிவைத்து உதைப்பவர்களும் அவர்களில் இருப்பார்கள். 16 வயதுப் பையன் அவர்களுக்கு நடுவே 37 கோல் அடித்தான் என்பதும், சக சிறுவர்களுக்கு எதிராக 37 கோல் அடித்தான் என்பதும் ஒன்றல்ல.

எண்களைக் கையாளுதல்

ஆட்ட வாழ்வுக் கட்டுரைகளில் மிக அதிகமாகப் பிழை நேரும் இடம் இதுதான். ஒரு வீரருக்குக் குறைந்தது மூன்று கணக்குகள் உண்டு: லீக் ஆட்டங்கள் மட்டும் சேர்ந்த கணக்கு, கோப்பைப் போட்டிகளும் ஐரோப்பிய ஆட்டங்களும் சேர்ந்த கிளப் கணக்கு, தேசிய அணியின் கணக்கு. எந்த எண்ணை எழுதினாலும் அது எந்தக் கணக்கைச் சேர்ந்தது என்பதை அதே வாக்கியத்தில் சொல்லிவிட வேண்டும். டால்கிளீஷ் லிவர்பூலுக்கு 118 கோல் அடித்தார் என்று ஒரு நூலும் 172 கோல் அடித்தார் என்று இன்னொரு நூலும் சொன்னால், இரண்டும் சரிதான். 355 லீக் ஆட்டங்களில் அடித்தவை 118, எல்லாப் போட்டிகளும் சேர்ந்த 515 ஆட்டங்களில் அடித்தவை 172. செல்டிக்குக்கு லீக்கில் மட்டும் 204 ஆட்டங்களில் 112 கோல்கள். கிளாஸ்கோ கோப்பை, டிரைபரோ கோப்பை போன்ற சிறு போட்டிகளைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதில் பதிவாளர்கள் ஒத்துப்போவதில்லை. ஆகவே செல்டிக்கின் மொத்தத்தை எழுதுகிறவர் தம்முடைய மூலம் எந்தப் போட்டிகளைக் கணக்கில் கொண்டது என்பதைப் பார்த்துவிட்டே எழுத வேண்டும். தயக்கம் இருந்தால் லீக் எண்களோடு நிறுத்திக்கொள்வது பாதுகாப்பானது: இரு நாடுகளிலும் சேர்த்து 559 லீக் ஆட்டங்கள், 230 கோல்கள். எல்லைக்கு இருபுறமும் நூறைத் தாண்டியவர் என்பது அந்த இரண்டு எண்களிலேயே தெரிந்துவிடும்.

இரவல் காலத்தின் 37 கோல்கள் இந்தக் கணக்கில் சேராது. அதைவிட ஆசைகாட்டும் பொறி ஒன்று 1971 மே மாதத்தில் இருக்கிறது. கில்மார்னக் கிளப்பின் மூத்த வீரர் ஃபிராங்க் பீட்டியைக் கௌரவிக்க நடந்த பாராட்டு ஆட்டத்தில் செல்டிக் 7–2 என்று வென்றது. அந்த ஏழில் ஆறு கோல்களை அடித்தவர் டால்கிளீஷ். அதுவரை இரண்டாம் அணியில் காத்துக்கொண்டிருந்தவர் அடுத்த பருவத்திலேயே முதல் அணியில் நிலைபெற்றார் என்பதால் இந்த ஆட்டத்தைக் கட்டாயம் எழுத வேண்டும், ஆனால் அந்த ஆறு கோல்களும் எந்த அதிகாரப்பூர்வக் கணக்கிலும் ஏறவில்லை என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

அதிகாரப்பூர்வமான முதல் கோல் மூன்று மாதம் கழித்து வந்தது. 1971 ஆகஸ்ட் 14, லீக் கோப்பை ஆட்டம், எதிரணி ரேஞ்சர்ஸ், மைதானம் ரேஞ்சர்ஸின் சொந்த மைதானமான ஐப்ராக்ஸ். பெனால்டி கிடைத்ததும் செல்டிக் அணித் தலைவர் பில்லி மெக்நீல் இருபது வயதுப் பையனை உதைக்கச் சொன்னார். டால்கிளீஷ் பந்தை வைத்தார். பிறகு குனிந்து, காலணியின் கயிற்றை அவிழ்த்துக் கட்டினார். அதன் பிறகே உதைத்தார். செல்டிக் 2–0 என்று வென்றது. ‘அவர் பதற்றம் அறியாதவர்’ என்று எழுதுவதற்குப் பதிலாக இந்தக் கயிறு கட்டிய காட்சியை எழுதினால் போதும். ஒரு கட்டுரைக்கு இதுபோல இரண்டு மூன்று காட்சிகள் இருந்தால் நிறைவாக இருக்கும். பத்துக் காட்சிகள் வைத்தால் வாசகர் எதையும் நினைவில் வைத்துக்கொள்ளமாட்டார்.

புள்ளிகளை ஒப்பிடும்போதும் கவனம் வேண்டும். இங்கிலாந்தில் வெற்றிக்கு மூன்று புள்ளிகள் என்ற விதி 1981–82 பருவத்தில்தான் வந்தது. அதற்கு முன் இரண்டு புள்ளிகளே. டால்கிளீஷ் 21 லீக் கோல்கள் அடித்த 1978–79 பருவத்தில் லிவர்பூல் 42 ஆட்டங்களில் 30 வெற்றி, 8 சமன், 4 தோல்வி என்று 68 புள்ளிகள் பெற்றது. 85 கோல்கள் அடித்து, 16 மட்டுமே வாங்கியது. இன்றைய விதிப்படி அது 98 புள்ளிகள் ஆகும். இதைச் சொல்லாமல் 68 என்று மட்டும் எழுதினால், இன்றைய பட்டியல்களைப் பார்த்துப் பழகிய வாசகர் அதை ஐந்தாம் இடத்துக்குரிய எண் என்று நினைத்துவிடுவார். ஸ்காட்லாந்திலும் 1975–76 பருவத்தில் முதல் பிரிவு பத்து அணிகள் கொண்ட பிரீமியர் டிவிஷனாக மாற்றப்பட்டதால், செல்டிக்கில் அவருடைய முற்பகுதியையும் பிற்பகுதியையும் ஒரே அளவுகோலில் வைக்க முடியாது.

எல்லையைத் தாண்டும் இடம்

கிளப் மாறியதை எழுதும்போது தொகை, தேதி ஆகியவற்றோடு, யாருடைய இடத்துக்கு அவர் போனார் என்பதையும் எழுத வேண்டும். 1977 கோடையில் லிவர்பூலின் நட்சத்திரமான கெவின் கீகன் 5 லட்சம் பவுண்டுக்கு ஜெர்மனியின் ஹாம்பர்க் கிளப்புக்குப் போய்விட்டார். கையில் வந்த பணத்திலிருந்து 4,40,000 பவுண்டு கொடுத்து ஆகஸ்ட் 10 அன்று டால்கிளீஷை வாங்கிய லிவர்பூல், கீகன் அணிந்த 7-ஆம் எண் சட்டையையே அவருக்குக் கொடுத்தது. ‘அது பிரிட்டனின் சாதனைத் தொகை’ என்று எழுதினால், கீகனின் தொகை அதைவிடப் பெரிது என்று ஒருவர் உடனே மறுப்பார். ‘பிரிட்டனின் இரு கிளப்புகளுக்கு இடையே அதுவரை கைமாறிய மிகப் பெரிய தொகை’ என்று எழுதினால் மறுப்பதற்கு இடம் இருக்காது. தொகையை இன்றைய ரூபாயாக மாற்றிக் காட்டுவதால் பயன் எதுவும் இல்லை.

அவர் தனியாகப் போகவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். பார்ட்டிக் திஸில் கிளப்பிலிருந்து ஆலன் ஹேன்சன் அதே ஆண்டிலும், மிடில்ஸ்பரோவிலிருந்து கிரேம் சூனஸ் 1978 ஜனவரியிலும் வந்து சேர்ந்தார்கள், மூவரும் ஸ்காட்லாந்துக்காரர்கள். அந்த ஆண்டு மே 10 அன்று வெம்பிளியில் பெல்ஜியத்தின் கிளப் புரூகேயோடு நடந்த, கிளப்புகளுக்கான ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்தின் ஒரே கோலில் சூனஸும் டால்கிளீஷும் பங்கு கொண்டார்கள். சூனஸ் தள்ளிக்கொடுத்த பந்தை வலப்புறம் பெற்ற டால்கிளீஷ், கோல்கீப்பர் பிர்கர் யென்சன் தரையில் விழும்வரை காத்திருந்து, அவருக்கு மேலே பந்தை மெல்லத் தூக்கிவிட்டார். பிறகு விளம்பரப் பலகையைத் தாண்டிக் குதித்து ரசிகர்களை நோக்கி ஓடினார். 1981, 1984 ஆகிய ஆண்டுகளிலும் அதே கோப்பை கிடைத்தது; அவற்றுக்கு ஒவ்வொரு வரி போதும்.

தொப்பிகளின் கணக்கு

தேசிய அணிக்கு ஆடிய ஆட்டங்களை அங்கே ‘கேப்’ என்று, அதாவது தொப்பி என்று எண்ணுகிறார்கள். வெறும் உருவகம் இல்லை, குஞ்சம் வைத்த உண்மையான தொப்பியையே வீரருக்குக் கொடுத்த வழக்கத்திலிருந்து வந்த சொல் அது. பழைய ஸ்காட்லாந்து வீரர்களை எழுதுகிறவர்கள் இங்கே ஒரு விநோதத்தைக் கவனிக்க வேண்டும்: இங்கிலாந்து, வேல்ஸ், அயர்லாந்து அணிகளோடு ஆடும் பிரிட்டன் சாம்பியன்ஷிப்பில் ஆடியவர்களுக்கே நெடுங்காலம் தொப்பி வழங்கப்பட்டது. 1958 உலகக் கோப்பையில் ஆடிய ஸ்டூவர்ட் இம்லாக்குக்குத் தொப்பி கிடைக்கவில்லை. அவர் மறைந்த பிறகு, 2006-இல்தான் சங்கம் அந்தக் குறையைத் தீர்த்தது. எனவே ‘கேப்’ எண்ணிக்கையைப் பார்க்கும்போது, அது ஆடிய ஆட்டங்களைச் சொல்கிறதா, கைக்கு வந்த தொப்பிகளைச் சொல்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

டால்கிளீஷின் கணக்கில் அந்தச் சிக்கல் இல்லை. 1971 நவம்பர் 10 அன்று அபர்தீனின் பிட்டோட்ரி மைதானத்தில் பெல்ஜியத்துக்கு எதிராக மாற்று வீரராகத் தொடங்கி, 1986 நவம்பரில் லக்சம்பர்க் ஆட்டத்தோடு முடிந்தது அவருடைய தேசிய அணி வாழ்வு. மொத்தம் 102 ஆட்டங்கள், 30 கோல்கள். ஸ்காட்லாந்தின் ஆண்கள் அணிக்கு நூறு ஆட்டங்களைத் தாண்டியவர் வேறு எவரும் இல்லை என்பதால் இந்த 102-ஐ நன்கு வெளிச்சத்தில் வைக்கலாம். கோல் கணக்கில் அப்படிச் செய்ய முடியாது. டெனிஸ் லாவும் 30 கோல்கள் அடித்திருக்கிறார், அதுவும் 55 ஆட்டங்களிலேயே. ‘அதிக கோல் அடித்தவர்’ என்று எழுதாமல் ‘லாவோடு முதலிடத்தைப் பகிர்ந்துகொள்பவர்’ என்று எழுதுவதே நேர்மை. 1974, 1978, 1982 உலகக் கோப்பைகளில் ஆடினார். நெதர்லாந்துக்கு எதிராகவும் நியூசிலாந்துக்கு எதிராகவும் ஒவ்வொரு கோல் அடித்தார். முழங்கால் காயத்தால் 1986 உலகக் கோப்பைக்குப் போகவில்லை.

இடத்துக்குத் தக்கபடி ஒரு கோலை மட்டும் விரித்து எழுதலாம் என்றால், நான் 1976 மே 15-ஐத் தேர்வேன். ஹாம்டன் பார்க்கில் இங்கிலாந்தை 2–1 என்று வென்ற ஆட்டத்தில் அவர் உதைத்த பந்து, அவ்வளவு வேகம்கூட இல்லாமல், கோல்கீப்பர் ரே கிளெமன்ஸின் கால்களுக்கு நடுவே புகுந்து வலைக்குள் போனது. அடுத்த ஆண்டு இருவரும் லிவர்பூலின் ஒரே உடைமாற்றும் அறையில் இருந்தார்கள்.

வெற்றிடங்களும் துயரங்களும்

அட்டவணையில் எண் இல்லாத கட்டங்களும் விளக்கம் கேட்கும். 1985-க்குப் பிறகு டால்கிளீஷின் பதிவில் ஐரோப்பிய ஆட்டங்கள் என்ற பத்தி வெறுமையாக இருக்கும். 1985 மே 29 அன்று பிரஸ்ஸல்ஸின் ஹெய்சல் மைதானத்தில், லிவர்பூலுக்கும் யுவென்டஸுக்கும் இடையிலான இறுதி ஆட்டத்துக்கு முன் 39 பேர் இறந்ததையடுத்து, இங்கிலாந்தின் கிளப்புகள் ஐந்து ஆண்டுகளுக்கும் லிவர்பூல் ஆறு ஆண்டுகளுக்கும் ஐரோப்பியப் போட்டிகளிலிருந்து விலக்கிவைக்கப்பட்டன. அதே நேரத்தில் மேலாளர் ஜோ ஃபேகன் விலகவே, 34 வயதில் டால்கிளீஷ் ஆடிக்கொண்டே அணியை நடத்தும் பொறுப்புக்கு வந்தார். முதல் பருவத்திலேயே, 1986 மே 3 அன்று செல்சியின் மைதானத்தில், ஜிம் பெக்ளின் அனுப்பிய பந்தை நெஞ்சில் வாங்கித் தரையில் பட்டெழும்போதே உதைத்து, லீக் பட்டத்தை உறுதிசெய்த கோலை மேலாளரே அடித்தார். ஒரு வாரம் கழித்து எவர்ட்டனை 3–1 என்று வென்று எஃப்.ஏ. கோப்பையும் கிடைத்தது.

1989 ஏப்ரல் 15 அன்று, லிவர்பூல் ஆடிய எஃப்.ஏ. கோப்பை அரையிறுதியின்போது ஷெஃபீல்ட் நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நேர்ந்த நெரிசலில் அந்த அணியின் ரசிகர்கள் 97 பேர் உயிரிழந்தார்கள். பழைய நூல்களில் 95 என்றும் 96 என்றும் இருக்கும். படுகாயமடைந்து பின்னாளில் இறந்தவர்களைச் சேர்த்து, 2021 முதல் 97 என்பதே சரியான எண். இறந்தவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்று 2016-இல் விசாரணை மன்றம் தீர்ப்பளித்தது. இந்தப் பகுதியை எழுதும்போது உரிச்சொற்களை எல்லாம் ஓரமாக வைத்துவிட வேண்டும். டால்கிளீஷ் பல இறுதிச் சடங்குகளில் கலந்துகொண்டார் என்பதையும், 1991 பிப்ரவரி 20 அன்று எவர்ட்டனோடு 4–4 என்று முடிந்த ஆட்டத்துக்கு இரண்டு நாள் கழித்துப் பதவி விலகினார் என்பதையும் அடுத்தடுத்து வைத்தாலே போதும். 1971 ஜனவரி 2 அன்று ஐப்ராக்ஸில் 66 பேர் இறந்த நாளிலும், ஆடாத செல்டிக் வீரராக அவர் மைதானத்தில் இருந்தார். இளமைக் காலப் பகுதியில் இதைச் சேர்க்க மறந்தவர்கள் இங்கே திரும்பிச் சொல்லலாம்.

எங்கே நிறுத்துவது

ஆட்ட வாழ்வு என்று தலைப்பிட்டால் கடைசி ஆட்டத்தில் நிறுத்த வேண்டும். டால்கிளீஷுக்கு அது 1990 மே 1, டெர்பி அணிக்கு எதிராக. 39 வயதில் சில நிமிடங்களுக்கு மாற்று வீரராக இறங்கினார். பிளாக்பர்ன் ரோவர்ஸை 1994–95 பிரீமியர் லீக் பட்டத்துக்கு நடத்திச் சென்றதும், 2011-இல் லிவர்பூலுக்கு மேலாளராகத் திரும்பியதும், 2018-இல் ‘சர்’ பட்டம் பெற்றதும் இன்னொரு கட்டுரைக்கு உரியவை. அவற்றில் ஒன்றை மட்டும் பின்குறிப்பாகச் சேர்க்க இடம் இருந்தால், 1995 மே 14-ஐச் சேர்க்கலாம்: அன்று பிளாக்பர்ன் லிவர்பூலின் ஆன்ஃபீல்டில் 2–1 என்று தோற்றது, அதே நேரத்தில் மான்செஸ்டர் யுனைடெட்டை வெஸ்ட் ஹாம் 1–1 என்று நிறுத்திவிட்டதால், தோற்ற அணி ஒரே புள்ளி வித்தியாசத்தில் பட்டம் பெற்றது. 1966-இல் பையனுக்கு இடம் கொடுக்காத அந்த இரண்டு கிளப்புகளின் பெயர்களும் அந்த ஒரே பிற்பகலில் வந்து நிற்கின்றன.